நாலு மணிக்குக் கெளம்புற டாக்டர்

இல்ல சார், அந்த மனு பொய்யின்னு நான் சொல்ல வரல. பாம்பு கடிச்ச மொக்கைச்சாமிய இந்த ஆஸ்பத்திரி வாசல்ல எறக்குறப்போ மணி நாலே கால். டாக்டர் நாலுக்கே ராஜபாளையத்துக்குக் கார எடுத்துட்டாக. நர்சு தன்னால முடிஞ்சதப் பாத்து ஆம்புலன்ஸுல ஏத்திவிட்டா. ஸ்ரீவில்லிபுத்தூர் போறதுக்குள்ள வழியிலயே முடிஞ்சுபோச்சு. மூணு பொம்பளப்பிள்ளைக்குத் தகப்பன். புதுப்பட்டிக்காரவுக மனுக் குடுக்காம சும்மா இருப்பாகளா?

ஆனா டாக்டர சஸ்பெண்டுன்னு எழுதுறதுக்கு முன்னாடி நான் சொல்றதக் கேட்டுக்கிடுங்க. பதினோரு வருசமா இங்க நான் கிளார்க்கு. எத்தனையோ டாக்டரப் பாத்தாச்சு. ஜெபக்குமார் டாக்டர் இப்படி இருந்தவுக இல்ல சார்.

வந்த புதுசுல குவார்ட்டர்ஸுலயே தங்குனாக. மழைக்கு ஒழுகும், கட்டில நகத்தி நகத்திப் போட்டுக்கிடுவாக. ஆளு வந்துருச்சுன்னா பாதிச் சோத்துல எந்திரிச்சு வருவாக. எம்புட்டுப் பிரசவம்! வத்திராயிருப்புல இருந்தெல்லாம் தேடி வந்தாக.

என்னது, சம்பளமா? ஓடி ஓடிப் பாத்தாலும் அதான், ஒக்காந்து பொழுதக் கழிச்சாலும் அதான். மீட்டிங்ல ஒரு நல்ல வார்த்த கெடையாது, டார்கெட் ஏன் கொறஞ்சதுன்னு வசவுதான். அதையெல்லாம் அவிய பெருசா எடுத்துக்கிடல. கொழந்தைக டாக்டர் ஆகுறதுக்கு மேல்படிப்பு படிக்கணும், அது ஒண்ணுதான் ஆச. மலையடிவாரத்துல வேல பாத்தா அதுக்குத் தனி மார்க்கு உண்டுல்ல, அத நம்பி மூணு வருசம் கெடந்தாக. பரிச்சையும் நல்லா எழுதிட்டாக.

இங்க வேல பாத்ததுக்கான சர்டிபிகேட்டு கடைசித் தேதிக்குள்ள போய்ச் சேரல. மார்க்கும் போச்சு, சீட்டும் போச்சு. யாருக்காக இப்படி ஓடுனேன்னே தெரியலக்கான்னு எங்கிட்டச் சொல்லிட்டு, அந்தா அந்த நாற்காலியிலதான் ஒக்காந்திருந்தாக. அடுத்த வாரம் குவார்ட்டர்ஸக் காலி பண்ணியாச்சு. பொறவு ஒம்பதுன்னா வருவாக, நாலுன்னா போயிருவாக. கை நீட்டிக் காசு வாங்கல, யாரையும் வையல. மனசு விட்டுப்போச்சு சார், அம்புட்டுதான்.

அந்த சர்டிபிகேட்டு எங்க தேங்குச்சுன்னா கேக்கீங்க?

எம்மக கல்பனாவுக்கு ரெண்டு பிள்ள தங்காமப் போச்சு சார். மூணாவதுக்கு அப்ப எட்டு மாசம். ஜெபக்குமார் டாக்டர்தான் பிரசவம் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா. எனக்கும் அவியள விட்டா வேற யாரு மேலயும் நம்பிக்க இல்ல. அவிய போயிட்டா எம்பிள்ள கதி என்னன்னு ஒரே பயம். நல்லவேள, பகல் பதினோரு மணிக்கே வலி வந்துருச்சு. அவிய கையிலதான் பேரன் பெறந்தான்.

கையெழுத்தாகி வந்த சர்டிபிகேட்ட அனுப்பாம வச்சிருந்தது நான்தான் சார். அனுப்பியாச்சான்னு ரெண்டு தடவ கேட்டாக. அனுப்பிட்டேன் சார்னு சொன்னேன். எம்பேரு மாரிக்கனி, எழுதிக்கிடுங்க. அவியளுக்கு இன்னும் தெரியாது. காலையிலகூட, பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டானாக்கான்னு கேட்டாக.