அடிக்கும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது

“வாளியா? ஆமா, பெயின்ட் வாளிதான். கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருந்தேன்.”

“வீட்ல நாற்காலி இல்லையா?”

“நாலு இருக்கு.”

சார்ஜென்ட் நைக்விஸ்ட் பேனாவைக் கீழே வைத்தார். “வெர்னன், ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க மச்சான் உங்க வீட்டுச் சாய்வு நாற்காலியில செத்துப்போயிருக்காரு. ஆறடி தள்ளி நீங்க வாளி மேல. எங்களுக்கு போன் வந்தது சாயங்காலம் ஏழு மணிக்கு. நடுவுல நடந்ததை நீங்களே எழுதிக் குடுங்க.” மஞ்சள் தாள்களை என் பக்கம் தள்ளிவிட்டு, தனக்குக் காப்பி எடுக்கப் போய்விட்டார்.

எழுதுகிறேன், சார்ஜென்ட். வாளியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. ஞாயிறன்று நடந்த பேஸ்பால் ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸிலேயே நம்பிக்கை இழந்து வானொலியை அணைத்துவிட்டதாகச் சொன்னீர்கள். அப்படிப்பட்டவருக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை, கூடத்துச் சுவரின் அடிப்பகுதிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் நம் ஹெரன்ஸ் அணி நான்கு ரன் பின்தங்கியிருந்தது. முழங்கால் வலித்ததால் காலி வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். அதே நிமிடம் டெஸ்மண்ட் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். கோட்டைக் கழற்றிக் கதவருகே கொக்கியில் மாட்டினான். அதன் வலது பையில் அவனுடைய இதய மாத்திரை டப்பா எப்போதும் இருக்கும். அவன் வருவதை அதன் கிலுகிலுச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம். என் சாய்வு நாற்காலியில் விழுந்து, நாடகப் பிரதியை மடியில் விரித்தான்.

“வசனம் ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும் வெர்ன். உன் ஆட்டம் அது பாட்டுக்கு ஓடட்டும்.”

அடுத்த இருபது நிமிடத்தில் ஐந்து ரன். ஜெயித்தோம்.

இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. என் தந்தை நம் அணி கோப்பை வாங்குவதைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார். அவருடைய தந்தையும் அப்படித்தான். ஜெயிக்கும்போது எதையும் மாற்றக் கூடாது. அதனால் வாளி இருந்த இடத்திலேயே இருந்தது. தொப்பியை நான் துவைக்கவில்லை. சுவர் இன்றுவரை பாதி வெள்ளை, பாதி பழுப்பு, நீங்களே பார்த்தீர்கள். சாய்வு நாற்காலியில் டெஸ்மண்ட், மடியில் பிரதி, கொக்கியில் கோட்டு. அவனும் மாற்றக் கூடாத சாமான்களில் ஒன்று. அவனை என் வீட்டில் விட்டதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

டெஸ்மண்ட் பிரூயெட் என் தங்கை ஈடித்தின் கணவன். காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. நான்கு வருடங்களுக்கு முன் ஈடித் இறந்ததும் அவனுக்கு நாடகப் பைத்தியம் பிடித்தது. லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஒரு அமெச்சூர் குழு இருக்கிறது. பல் மருத்துவர், மளிகைக்கடைக்காரர் மனைவி, பேருந்து ஓட்டுநர் என்று பகலில் ஒழுங்காக வாழ்கிறவர்கள், மாலையில் முகத்தில் மாவு பூசிக்கொண்டு பிரபுக்களாகிவிடுவார்கள். இந்த இலையுதிர்காலத்து நாடகத்தை எழுதி இயக்கியது நூலகத்து தெல்மா. அதில் டெஸ்மண்டுக்குக் கப்பல் முதலாளி வேடம். இரண்டாம் அங்கத்தின் முடிவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “கிளாரா, ஜன்னலைத் திற. ஏரியைப் பார்க்க வேண்டும்” என்று சொல்லிச் சாக வேண்டும்.

சாவதற்கு அவனுக்கு நான்கு நிமிடம் பிடித்தது. என் வீட்டுக் கூடத்தில் குறைந்தது முப்பது தடவை செத்திருப்பான். கிளாராவின் வசனத்தை நான் படிப்பேன்.

“நீ சாகுறதுக்குள்ள சனங்க கோட்டை மாட்டிக்கிட்டு வீட்டுக்கே போயிடுவாங்க” என்றேன் ஒரு நாள்.

“உனக்குப் பந்துதான்டா தெரியும். மனுசனைத் தெரியுமா?”

“சாகும்போது மேசை விளக்கை ஏன்யா தட்டி விடுற?”

“சாகுறவன் கை அலைபாயும்.”

“எத்தனை பேர் சாகுறதைப் பாத்திருக்க நீ?”

“ஒருத்தியை” என்றான் டெஸ்மண்ட்.

அன்று அதற்குப் பிறகு ஒத்திகை நடக்கவில்லை. ஈடித் எந்த விளக்கையும் தட்டிவிடவில்லையே என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. என்னிடமும் கொஞ்சம் இரக்கம் உண்டு என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வெற்றிக்கும் பிறகு சினிமா. அதுவும் முதல் நாள் தற்செயலாகப் போனதுதான். பிறகு மாற்ற முடியவில்லை. பிரதான வீதியில் இருக்கும் தியேட்டர், மாலை ஐந்து மணிக் காட்சி, நான்காவது வரிசையில் ஓரத்து இரண்டு இருக்கைகள். என்ன படம் ஓடினாலும் பார்த்தோம். ஆறு வாரத்தில் பதினெட்டுப் படம். டெஸ்மண்டுக்குக் கதையில் அக்கறை கிடையாது. யாராவது சாக வேண்டும், அவ்வளவுதான். கௌபாய்கள் மூட்டை மாதிரி விழுவார்கள். கொள்ளைக்காரர்கள் மாடிப்படியில் பத்துப் படி இறங்கிவிட்டுத்தான் சாவார்கள். “கையைப் பாரு வெர்ன், கையைப் பாரு” என்று என் விலாவில் இடிப்பான். சோளப்பொரி வாயோடு முன்வரிசைக்காரர் திரும்பி முறைப்பார். நானும் கையைப் பார்த்தேன். பதினெட்டுப் படம் பார்த்த பிறகு, ஒருவன் நடிக்கிறானா இல்லையா என்று சொல்லும் அளவுக்கு நான் தேர்ந்துவிட்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆகஸ்டில், ஒரு அணிக்கு எத்தனை பேர் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அக்டோபரில் அவன்தான் ஊரிலேயே பெரிய ரசிகன். பச்சை நிறத்தில் அணியின் நாரைச் சின்னம் போட்ட தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டான், விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் எல்லாரிடமும் “நம்ம பசங்க, நம்ம பசங்க” என்றான். ஐம்பது வருடமாக ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வயிறு எரிந்தவன் நான். இவன் ஆறு வாரத்தில் “நம்ம” என்கிறான்.

இறுதிச் சுற்றில் ஏழு ஆட்டங்கள். நான்கு ஜெயிப்பவருக்குக் கோப்பை. நாம் மூன்று ஜெயித்திருந்தோம். ஆறாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில், நம் ஆட்கள் இரண்டு பேர் ரன்னுக்குப் பாதி வழியில், பேஸில் நிற்கும்போது டெஸ்மண்ட் எழுந்தான்.

“எங்க போற?”

“பீர் எடுக்கப் போறேன். உனக்கும் ஒண்ணு?”

அடுத்த பந்தில் இரண்டு பேரும் அவுட். தோற்றோம். நான் அவனிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. ஞாயிறு காலை டோனட் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றான்.

“உன் பூனை செத்துப்போன மாதிரி மூஞ்சிய வெச்சிருக்காதடா. சத்தியமா சொல்றேன், நம்ம பசங்க அடிக்க ஆரம்பிச்சா இந்த நாற்காலியை விட்டு அசைய மாட்டேன். வீடே தீப்பிடிச்சாலும் உன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுந்திருப்பேன். போதுமா?”

“சிரிக்காம சொல்லு.”

சிரிக்காமல் சொன்னான். உள்ளே விட்டேன். கோட்டைக் கொக்கியில் மாட்டினான்.

ஆட்டத்தைப் பற்றி ஊரில் எல்லாரும் இனி ஐம்பது வருடம் பேசப்போகிறார்கள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். கடைசி இன்னிங்ஸ். இரண்டு ரன் பின்தங்கியிருந்தோம். நம் ஆட்கள் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒரு அவுட்தான் பாக்கி. அப்போது ஒருவன் அடித்தான். அடுத்தவனும் அடித்தான். நான் வாளியில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் டெஸ்மண்ட் பிரதியை மூடினான். பக்கத்து மேசையில் மெதுவாக வைத்தான். மேலுதட்டில் வியர்வை. முகம் சாம்பல் நிறமாக இருந்தது. இடது கை மடியில் கிடந்தது, அசையவில்லை. அவன் விளக்கைத் தட்டவில்லை. நெஞ்சைப் பிடிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை மட்டும் வலது கையால் பற்றியிருந்தான்.

அவன் செய்ததிலேயே மிகச் சிறந்த சாவு அதுதான். அதனால்தான் அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது. டெஸ்மண்டுக்கு அவ்வளவு திறமை கிடையாது.

எதிரணி பந்து வீசுபவனை மாற்றியது. புதியவன் நிதானமாக நடந்து வந்து, நிதானமாகப் பயிற்சிப் பந்துகள் வீசிப் பார்த்துக்கொண்டான். இந்த ஆட்டத்துக்குக் கடிகாரம் கிடையாது, சார்ஜென்ட். கடைசி அவுட் விழும்வரை நடந்துகொண்டே இருக்கும். புதியவன் வீசிய நான்கு பந்தும் தாறுமாறாகப் போனதால் மூன்றாவது ஆளும் பேஸுக்குப் போனான். மூன்று பேஸும் நிரம்பிவிட்டன. அடுத்து ஹாங்க் ஸ்டூபெக் வந்தான். அடித்த பந்தையெல்லாம் மைதானத்தின் பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டான். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அவுட்டும் இல்லை, ரன்னும் இல்லை. பதினைந்தாவது பந்தை இரண்டு ஆட்களுக்கு நடுவே அடித்தான். பேஸில் நின்ற மூன்று பேரும் ஓடி வந்தார்கள், மூன்று ரன்.

டெஸ்மண்டின் முகம் மாறியதிலிருந்து அந்தப் பந்து வரை இருபத்திரண்டு நிமிடம். நான் எழுந்திருக்கவில்லை. ஜெயித்தோம். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஏழாவது இன்னிங்ஸில் வானொலியை அணைத்தவர் நீங்கள்.

தேவாலய மணி அடித்தது. தெருவில் கார்களெல்லாம் ஒலியெழுப்பின. எழுந்து நாற்காலியைப் பார்த்தேன். டெஸ்மண்டின் கண் திரையின் பக்கம் இருந்தது. ஸ்டூபெக் அடித்ததை அவன் பார்த்தானா என்று சொல்ல முடியாது. நான் வெளியே போனேன். பக்கத்து வீட்டுத் திருமதி கோவாச்சைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். நேற்று அந்த அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்: “என்னைத் தூக்கிச் சுத்துனியே பாவி, அப்போ உள்ள அவரு கெடந்தாரா?” ஆமாம் என்றேன். பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஐம்பது வருடத்தில் ஒரு முறை வந்தது.

பிறகு ஐந்து மணிக் காட்சிக்குப் போனேன். கோப்பை கிடைத்துவிட்டது, சடங்கு இனித் தேவையில்லை. ஆனாலும் போனேன். ஓரத்து இருக்கையில் என் கோட்டை வைத்தேன், வேறு யாரும் உட்காராமல் இருக்க. ஒருவன் மாடிப்படியில் இறங்கி இறங்கிச் செத்தான். கையைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து உங்களுக்குப் போன் செய்தேன்.

ஞாயிறன்று உங்களிடம் வேறு மாதிரி சொன்னேன். ஒத்திகை பார்க்கிறான் என்று நினைத்ததாகவும், அவன் கடைசியாக “கிளாரா, ஜன்னலைத் திற” என்று சொன்னதாகவும் சொன்னேன். நல்ல பொய் என்றே நினைத்தேன். இன்று காலை நீங்கள் மேசையில் கிடந்த பிரதியைத் திறந்து காட்டினீர்கள். அந்த வசனத்தின் மீது சிவப்புப் பென்சிலில் கோடு. வியாழக்கிழமையே தெல்மா அதை வெட்டிவிட்டாளாம். கப்பல் முதலாளி இனி ஒன்றும் பேசாமல் சாகலாம் என்று சொன்னாளாம். டெஸ்மண்ட் என்னிடம் சொல்லவேயில்லை. நான் கேலி செய்வேன் என்று பயந்திருப்பான். செய்திருப்பேன்.

பழக்கத்தில் பழைய வசனத்தைச் சொன்னான் என்று இப்போதும் வாதாடலாம். வேண்டாம். நான் அவனைக் கொல்லவில்லை, சார்ஜென்ட். நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அவனுக்கும் கால் இருந்தது. கொக்கி அவன் நாற்காலியிலிருந்து ஆறு எட்டு. எழுந்து எடுத்திருக்கலாம். உண்மையான ரசிகனாக இருந்தால்தானே அசையாமல் இருக்க வேண்டும்? ஆறு வாரத்து ரசிகனுக்கு என்ன வந்தது? இந்த ஒரு கேள்விதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அவன் கடைசியாகச் சொன்னது பிரதியில் இல்லை. ஸ்டூபெக் நான்காவது பந்துக்காக மட்டையைத் தூக்கியிருந்தான். இன்னும் பதினொரு பந்து இருந்தது. ஒவ்வொரு பந்து முடிந்ததும் டெஸ்மண்ட் தலையை லேசாகத் திருப்பி என்னைப் பார்த்தான், நான் திரையைப் பார்த்தேன். அவன் பேசியது ஒரே ஒரு முறைதான். குரலை உயர்த்தவில்லை, நாற்காலியிலிருந்து அசையவும் இல்லை.

“இந்தப் பந்து முடிஞ்சதும், கோட்டுப் பையில இருக்குற மாத்திரையை எடுத்துத் தர்றியா, வெர்ன்?”