பட்டியலில் ஏழாவது

ஒரு வாரம் தங்குவதற்கு எங்கள் டொமினிக்காவுக்கு வருகிறவர்கள் கொதிக்கும் ஏரியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருடமாக இதைச் சொல்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை. இறங்கிய மறுநாளே ஏரிக்குப் போக வேண்டும் என்று நிற்பார்கள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், ஏற்றமும் இறக்கமுமாக மலை. திரும்பி வந்தால் முழங்கால் மடங்காது. மீதி நாட்களை விடுதி நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு கழிப்பார்கள். முதல் நாள் கந்தக வெந்நீரில் ஊற வேண்டும். அடுத்த நாள் படகில் போய்த் திமிங்கிலம் பார்க்கலாம். அதற்கடுத்து, கடலடியிலிருந்து குமிழிகள் கிளம்பி வரும் பாறைகளுக்கு மேலே முகமூடி போட்டுக்கொண்டு மிதக்கலாம். உடம்பு இந்த ஊருக்குப் பழகிய பிறகுதான் ஏரி.

டெனிஸ் ஹாலமுக்கும் அவர் மகள் எல்சிக்கும் இந்த வரிசையில்தான் ஏற்பாடு செய்தேன். ஏன் வியாழக்கிழமை வரை காத்திருந்தாய் என்று விசாரணையில் கேட்டீர்கள், கார்ப்பரல். இதுதான் காரணம். அந்தப் பெண்ணின் முழங்கால் கெட்டுப்போகக் கூடாது என்று நினைத்தேன்.

ஃபெர்டி உங்களிடம் இலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். சொல்லத்தான் வேண்டும், நல்ல வழிகாட்டி அவன். ஆனால் நீங்கள் கடற்கரை ஊர்க்காரர், உங்களுக்கு அது பாதிதான் புரிந்திருக்கும். மீதியை நான் சொல்கிறேன்.

ஏரிக்கு முன்னால் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மஞ்சளும் சாம்பலுமாக மண், அங்கங்கே ஆவி. மேலே காய்ந்த ஓடு, அடியில் கொதிக்கிற சேறு. ஓடு எங்கே கெட்டி, எங்கே மெலிசு என்பது மழைக்கு மழை மாறும். காலையில் முதலில் போகிற வழிகாட்டி தடியால் தட்டிப் பார்த்துக்கொண்டே போவான். மெலிந்த இடம் வந்தால் ஒரு பெரணி இலையை அங்கே நட்டுவிடுவான். வாடிய இலை நேற்றையது, பச்சை இலை இன்றையது. பின்னால் வருகிறவர்கள் பச்சை இலையை விட்டு விலகி நடப்பார்கள். இது எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் இலை விஷயத்தில் எங்களில் எவனும் விளையாடியதில்லை. முகத்தில் விழிக்காத பகை உள்ளவன்கூட அடுத்தவன் நட்ட இலையை நம்பித்தான் காலை எடுத்து வைப்பான்.

டெனிஸ் மூன்று வருடத்துக்கு முன் முதல் முறை வந்தார். தனியாக வந்தார், மூன்று வாரம் தங்கினார். ஊர் ஊராகப் போய் எழுதுகிறவர். அந்த மாதிரி ஆட்களை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. பார்ப்பதற்கு முன்பே வாக்கியத்தை யோசித்துக்கொண்டு வருவார்கள். இவர் அப்படி இல்லை. நல்ல செருப்பு போட்டிருந்தார். கொடுத்ததைச் சாப்பிட்டார், உப்புக் கருவாடும் அவித்த வாழைக்காயும் இருந்தால் காலைப் பசி தீர்ந்தது என்பார். சொன்ன இடத்தில் காலை வைத்தார். எனக்கு நண்பர்கள் குறைவு. இவரை நண்பர் என்று நினைத்தேன்.

கடைசி நாள், யாரையும் கூட்டிப் போகாத ஓர் இடத்துக்கு அவரைக் கூட்டிப் போனேன். என் நிலத்துக்குப் பின்னால் அரசாங்கக் காட்டில் ஒரு குளம். ஒரு பக்கம் வெந்நீர் ஓடை, ஒரு பக்கம் குளிர்ந்த ஓடை, இரண்டும் சேரும் இடத்தில் தண்ணீர் மெல்லச் சுழலும். சுட்ட ஈரப்பலாவும் ரம்மும் எடுத்துப் போயிருந்தேன். அங்கே உட்கார்ந்துதான் அந்தப் பிள்ளையைப் பற்றி அவரிடம் சொன்னேன். என் மனைவி கப்பலேறி ஆன்டிகுவாவுக்குப் போன பிறகு அதை நான் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

என் மகள் பெயர் ஓர்லின். ஒன்பது வயது. மலையில் மழை பெய்து ஓடை திடீரென்று ஏறியபோது அந்தக் குளத்தில் போய்விட்டாள். பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்த நேரத்தில் நான் மேலே பள்ளத்தாக்கில், எட்டு சுற்றுலாக்காரர்களுக்கு வெந்நீர் ஊற்றில் முட்டை அவித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் கைதட்டினார்கள்.

டெனிஸ் ஊருக்குத் திரும்பி நான்கு மாதம் கழித்து, விடுதிக்காரர் தன் கைப்பேசியில் ஒன்றைக் காட்டினார். கரீபியன் தீவு விடுமுறையில் செய்ய வேண்டிய பத்து விஷயங்கள் என்று ஒரு பட்டியல். அதில் ஏழாவது எங்கள் குளம். எனக்கு மனப்பாடம், சொல்கிறேன். "ஆசைக் குளத்தில் பூப் போடுங்கள். ஒரு சிறுமி மூழ்கிய குளம் இது. செம்பருத்தி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மூன்று சுற்றுச் சுற்றி வெளியேறினால் நீங்கள் நினைத்தது நடக்கும், அடியில் இருக்கும் சிறுமி நடத்தித் தருவாள். நனைந்தால் பரவாயில்லை என்கிற உடையில் போகவும்."

இப்படித்தான் என் மகளின் சாவை அவர் ஒரு வேடிக்கையாக்கினார். எனக்கு வயிறு எரிந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை, எரிந்தது. நம்பிக் கையில் கொடுத்ததைச் சந்தையில் வைத்துவிட்டாரே என்று பல நாள் தூக்கமில்லை.

அதன் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சுற்றுலா அலுவலகம் படிக்கட்டு வெட்டி, பலகை வைத்தது. அரசாங்கக் காடு, எனக்கு வேலி போட உரிமை இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் மா ஃபெலி படிக்கட்டுக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து செம்பருத்தி விற்றாள். ஓர்லின் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். நான் போய்க் கேட்டேன்.

"மா ஃபெலி, இத நீங்களே செய்யலாமா?"

"ஏன்பா, புதர்ல கெடந்து வாடுற பூவத்தான விக்கிறேன்."

"எந்தக் கொளத்துல போடுறாங்கன்னு தெரியுமில்ல?"

"தெரியாமயா? அவளுக்குப் பூன்னா உசிரு, அல்சீட். ஊரெல்லாம் வந்து அவளுக்குப் பூப் போடுதுன்னு நெனச்சுக்கயேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காத, யாவாரம் கெடுது."

நானும் ஆட்களைக் கூட்டிப் போனேன். பட்டியலில் இருப்பதைக் காட்டாமல் இந்தத் தொழில் செய்ய முடியாது. சிலர் என் கையிலும் ஒரு பூவைத் திணிப்பார்கள். வாங்கிப் போடுவேன்.

இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை டெனிஸ் மறுபடி வந்தார். பட்டியலைப் புதுப்பிக்க வேண்டுமாம். படகுத் துறையிலேயே என்னைக் கட்டிக்கொண்டார்.

"அல்சீட், உன்னாலதான்யா எனக்குப் பேரு. அந்தப் பத்துலயும் எல்லாரும் மொதல்ல கேக்குறது உன் கொளத்தத்தான்."

"சந்தோஷம்."

"இது என் பொண்ணு. போன மாசம் இருபத்தொண்ணு முடிஞ்சுது. ஏழாம் நம்பரப் பாக்காம விடமாட்டேன்னுட்டா."

ஓர்லினுக்கும் இப்போது இருபத்தொன்று ஆகியிருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை.

எல்சி நல்ல பெண். இதைச் சொல்லாவிட்டால் என் வாக்குமூலம் நேர்மையாக இருக்காது. தன் பையைத் தானே தூக்கினாள். மரத்தின் பெயர் கேட்டால் மறுநாளும் நினைவு வைத்திருந்தாள். தகப்பனுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டிக்கொண்டே வந்தாள். புதன்கிழமை கடலிலிருந்து திரும்பியதும் குளத்துக்குப் போனோம். மா ஃபெலியிடம் அவளே பேரம் பேசாமல் ஒரு பூ வாங்கினாள். போட்டாள். மூன்று சுற்று சரியாகச் சுற்றியது.

"கேளு, சீக்கிரம் கேளு," என்றார் டெனிஸ். "அடியில குட்டிப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கா."

"கேட்டாச்சுப்பா. என்னன்னு சொல்லமாட்டேன், சொன்னா பலிக்காது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க போடலயா, மிஸ்டர் அல்சீட்? உங்களுக்கு ஒண்ணும் வேணாமா?"

"வேணாம்மா. எனக்கு எல்லாம் இருக்கு."

டெனிஸ் எங்கள் இருவரையும் படம் எடுத்தார். அது உங்களிடம் இருக்கும். நான் சிரித்தபடிதான் இருப்பேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ஃபெர்டி ஆறு பேரோடு அரை மணி பின்னால் வருவான் என்று தெரியும். ஆக, பள்ளத்தாக்கில் அன்றைக்கு முதல் ஆள் நான். இலை நட வேண்டியவனும் நான்தான். பெரணி அங்கே முளைக்காது என்பதால் மேலேயே ஒரு கட்டு ஒடித்துக்கொண்டேன். இறங்கும்போது இலையைப் பற்றி எல்சிக்குச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். முதல் மூன்று இடத்திலும் சரியாகத்தான் நட்டேன். அவளும் சரியாக விலகினாள்.

"அப்பா, இலை. எடது பக்கமா வா. அங்க இல்ல, இங்க. கால் எங்க போகுது உனக்கு?"

"சரிங்க வழிகாட்டியம்மா," என்றார் அவர்.

அவள் இலையை நம்பிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

நான்காவது இடம் ஓடை திரும்புகிற மூலை. அங்கே நிறுத்தி, சாம்பல் நிறக் களிமண்ணை முகத்தில் பூசிக்கொள்ளச் சொன்னேன். எல்லாரும் அங்கே செய்வதுதான், தோலுக்கு நல்லது என்பார்கள். அவர்கள் பூசிக்கொண்டிருக்கும்போது நான் முன்னால் போய்த் தட்டிப் பார்த்தேன். வலது பக்கம் பாறை மாதிரி கெட்டி. இடது பக்கம் தடி விரல் அளவு அமுங்கியது. நான் வலது பக்கமாகக் கடந்தேன். கடந்த பிறகு திரும்பி, நான் கடந்த இடத்திலேயே இலையை நட்டேன்.

வழக்கமாக, என் காலடியில் காலை வை என்றுதான் சொல்வேன். அன்று, "இப்ப நீ முன்னால வாம்மா. இலையப் பாத்து வா," என்றேன்.

முகமெல்லாம் சாம்பல் களிமண்ணோடு அவள் வந்தாள். இலையைப் பார்த்தாள். திரும்பி, "இந்தப் பக்கம்ப்பா," என்று தகப்பனுக்குக் கையைக் காட்டினாள். இடது பக்கம் கால் வைத்தாள்.

இடுப்பு வரை போய்விட்டாள். நான் ஓடிப் போய் இழுத்து வெளியே போட்டேன். என் இரண்டு கையையும் பாருங்கள், மருத்துவர் இன்னும் கட்டை அவிழ்க்கவில்லை. மூன்று மணி நேர வழியில் முக்கால்வாசி நான்தான் அவளைச் சுமந்தேன். என் பொறுப்பில் வந்தவரை மலையில் விட்டுவிட்டு வருகிறவன் இல்லை நான். பக்கத்துத் தீவான மார்டினிக்கின் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் இறந்துவிட்டாள்.

என் தவறு ஒன்று உண்டு. அவசரத்தில் இலையைப் பிடுங்க மறந்துவிட்டேன். ஆறு பேரோடு வந்த ஃபெர்டி, சத்தம் கேட்டும், பழக்க தோஷத்தில் தடியால் தட்டிப் பார்த்திருக்கிறான். இலை கெட்டி மண்ணில் நின்றது. நான் தவறாக நடுகிறவன் இல்லை என்று அவனுக்குத் தெரியும். உங்களிடம் வந்து சொன்னது அதைத்தான். அவனுக்கோ அந்த ஆறு பேருக்கோ ஏதாவது ஆகியிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

ஏன் டெனிஸை விட்டுவிட்டு அவளை என்று கேட்டீர்கள். டெனிஸ் செத்திருந்தால் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? என்ன செய்தார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒரு தகப்பனுக்கு அது வேறு வழியில் தெரியாது.

நேற்று நீங்கள் அவரைக் கம்பிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். தாடி மழிக்காமல் வந்திருந்தார். அந்தக் குளத்தில் போனது என் மகள் என்று சொன்னேன். அவர் அழுவார், மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ சொல்லவே இல்லையே, அல்சீட்," என்றார். "நான் கேட்டேனே. யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டேன். ஊர்ல ஒரு பிள்ளைன்னு சொல்லிட்டு, ரம்ம ஊத்தின. பூ மூணு சுத்து சுத்தும், அடியில இருக்குறவ நடத்திக் குடுப்பா, எல்லாம் நீ சொன்னதுதான். சிரிச்சுக்கிட்டே சொன்ன. இத எழுதட்டுமான்னு கேட்டேன். எழுதுங்க, நாலு பேர் வரட்டும்னு சொன்னியே."

நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள், கேட்டிருப்பீர்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. பூ சுற்றுவது ஓர்லின் ஆடிய ஆட்டம். என்ன ஆசைப்பட்டாள் என்று எனக்குக் கடைசிவரை சொல்லவில்லை. அதை ஊர்க் கதை மாதிரிச் சொன்னது நான்தான், அழாமல் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. டெனிஸ் ஒரு வார்த்தைகூடத் தன் கையிலிருந்து சேர்க்கவில்லை.

ஆனால் மூன்று வாரம் என் பின்னாலேயே, என் காலடியில் காலை வைத்து நடந்த மனிதர் அவர். என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.