சமையலறையில் ஒரு முருகன் படம்

சமையலறைச் சுவரில் எதற்கு அவ்வளவு பெரிய முருகன் படம்? நேற்று அக்கரப்பத்தனை பஸ்ஸில் அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து இதே யோசனைதான். முன் சீட்டில் ஒரு மீசைக்காரரும் அவருக்குத் தெரிந்த ஓர் இளைஞனும் இருந்தார்கள்.

“செவுத்துல அம்புட்டு வெடிப்பு. எப்புடிண்ணே வீட்ட வித்தீங்க?”

“சாமி படத்த மாட்டிட்டேன்டா. சாமிய யாரு தூக்கிப் பாப்பா?”

“பாவம்ண்ணே, வாங்குனவங்க.”

“இப்ப ஏறியிருக்கிற வெலைக்கு, வீடு கெடச்சதே பெருசு.”

“மழைக்கு மலை மண்ணு சரிஞ்சா?”

“அதான் சாமி இருக்காருல்ல!”

இருவரும் சிரித்தார்கள்.

போன ஞாயிறு நாங்கள் பார்த்த வீட்டில் அந்த முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பிடித்திருக்கிறது என்றேன். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் மகள் தூங்கப்போகிறாள். நாளை அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். விற்பவர் மனம் நோகாமல், படத்தைக் கழற்றிக் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் இன்றே சொல்லுங்கள்.