கோவிலின் கடல்பக்கச் சுவர்

பெயர்: மரியான் குரூஸ் ஜசிந்தா. வயது: 45. தொழில்: கருவாடு போடுதல். முகவரி: அந்தோனியார் வாடி, கல்முனை.

நான் மேற்சொன்ன முகவரியில் வசிக்கிறேன். எங்கள் ஆட்கள் தொண்ணூறில் மன்னார்க் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கத்தோலிக்க மீனவர்கள். இங்கே பிறந்த பிள்ளைகளையும் ஊரார் இன்றுவரை வந்தான் வரத்தான் என்றே சொல்வார்கள். வந்த பின்னர் கடலைப் பார்த்த வாசலோடு ஒரு கோவில் கட்டினோம். அந்தோனியாரின் தலைக்கு மேல் சிவப்பு பல்ப் எரியும். கடலிலிருந்து பார்க்கும்போது அந்தச் சிவப்பு, பின்னால் உள்ள பள்ளிவாசல் மினாராவின் பச்சை லைட்டுக்கு நேர் கீழே வந்தால், அதுதான் கல்லுகளுக்கு இடையே படகு நுழையும் வழி. பக்கத்துத் தெரு மஜீட் நானாவும் என் கணவர் சூசைதாசனும் ஒரே படகில் அப்படித்தான் கரைக்கு வருவார்கள்.

சுனாமியில் கோவில் போனது. அதன் பின்னர் போட்ட தகரக் கொட்டிலிலும் அதே இடத்தில் பல்ப் எரிந்தது. அதன் பின்னர் வெளிநாட்டில் உள்ள எங்கள் சனத்தின் உதவியோடு சென்ற வருடம் கல்லுக்கோவில் கட்டி, வாசலை ரோட்டுப் பக்கம் வைத்தார்கள். கடல்பக்கம் முழுச்சுவர். கேட்டதற்குக் கட்டிடக் குழுத் தலைவர் அல்பிரட், "வாற ஆக்கள் ரோட்டாலதானே வருவாங்க, கடலாலயா வருவாங்க?" என்றார். கடலால் வருகிறவர்கள் நாங்கள்தான் என்பது அவருக்கு நினைவு வரவில்லை. சுவருக்கு வெளியே ஒரு பல்ப் தொங்கவிட்டோம். திறப்பு விழாப் படத்தில் வயர் அசிங்கமாகத் தெரியும் என்று கழற்றினார்கள்.

அதன் பின்னர் வந்த மாரியில், பொழுதுபட்டு இருட்டிய பின், படகு கல்லில் அடித்தது. மஜீட் நானா நீந்திக் கரையேறினார். என் கணவரை மறுநாள் கரைவலையில் எடுத்தார்கள். அடக்கப் பூசைக்கு வந்தவர்கள் புதுக்கோவிலின் டைல்ஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். அதன் பின்னர் நான் மீண்டும் பல்ப் போட்டேன். மீண்டும் கழற்றினார்கள்.

ஆகவே கடந்த ஞாயிறு பூசை முடிந்து சனம் போன பின்னர், இனி யாரும் கழற்ற முடியாதபடி, அந்தோனியாரின் தலைக்கு மேலே கடல்பக்கச் சுவரை அலவாங்கால் இடித்து ஓட்டை போட்டு, அதில் சிவப்பு பல்பைக் கொளுவினேன். அலவாங்கு, வேலிக்கட்டை நடவென்று சொல்லி மஜீட் நானாவிடம் வாங்கியது. அவருக்கு எதுவும் தெரியாது. கோவிலடியில் கிடந்த அவருடைய அலவாங்கைப் பார்த்து, முஸ்லிம் ஆள் கோவிலை உடைத்துவிட்டான் என்று முறைப்பாடு கொடுத்தவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று காலை இந்தப் பொலிஸ் கூட்டுக்குள் அவரைப் பார்த்தேன். "அது எண்ட அலவாங்குதான். அதுக்கு மேல நான் ஒண்டும் கதைக்க மாட்டன். நீ போய்ப் புள்ளயப் பாரு, தங்கச்சி" என்றார்.

அந்தப் பிள்ளை, என் மகன் டிலக்சன், விடியற்காலை கடலுக்குப் போய்விட்டான். பொழுதுபட்டுத்தான் திரும்புவான். நான் இங்கே வரும்போது அல்பிரட் ஓட்டையை அடைக்க மேசனைக் கூட்டி வந்திருந்தார்.

மேலே உள்ளது முழுவதும் உண்மை. ஒருவரும் சொல்லித் தராமல் நானே சொன்னது. வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. மஜீட் நானாவை விட்டுவிட்டு என்னை அடையுங்கள். பொழுது படுவதற்கு முன்னர் ஒரு பொலிஸ்காரரை அனுப்பி அந்த மேசனை மட்டும் மறியுங்கள்.

(ஒப்பம்) ம. ஜசிந்தா