கறுப்பு அட்டை

“ஹலோ… ஹலோ… கேக்குதா?… நான்தான்டா, அக்கா பேசுறேன்… ஆமா, ஆமா, அக்காதான்… என்னடா அங்க ஒரே கைதட்டல்?… ஓஹோ, சர்டிபிகேட் குடுக்குறாங்களா… குடுக்கட்டும், குடுக்கட்டும்… யாரு, நானா?… நான் எங்க இருக்கேன்னு என்கிட்டயே கேக்குறியா?… வீட்டுலயா? வீட்டுக்கு யாரு கொண்டுபோய் விட்டாங்க?… நீ இறக்கிவிட்ட இடத்துலயேதான் இருக்கேன்… ஆமா… குழியிலதான்… அதே குழிதான்டா, உன்கிட்ட வேற குழி இருக்கா?”

அக்கா பேசிக்கொண்டிருந்தது தரைக்கு அடியிலிருந்து. மீட்புப் பயிற்சி மையத்தின் பின்பக்கம் இடிந்த வீடு ஒன்று இருக்கிறது. தானாக இடிந்ததல்ல, இடிந்ததுபோலவே கட்டியது. செலவு செய்து இடிந்த வீடு கட்டுகிற கூட்டம் உலகத்தில் இவர்கள்தான். உடைந்த தளம், சாய்ந்த சுவர், அதற்குக் கீழே ஏணி வைத்தால் மட்டும் இறங்கக்கூடிய ஒரு நிலவறை.

மீட்புப் பணியாளர்களும் தொண்டர்களும் சேர்ந்து படிக்கிற வகுப்புக்கு அன்று பரீட்சை. அடிபட்டவர்களாக நடிக்கச் சிலரை இடிபாட்டுக்குள் ஒளித்துவைப்பார்கள். படிப்பவர்கள் தேடிக் கண்டுபிடித்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு நிற அட்டை கட்ட வேண்டும். நடக்க முடிந்தவருக்குப் பச்சை, கொஞ்சம் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், உடனே தூக்க வேண்டியவருக்குச் சிவப்பு, உயிர் போனவருக்குக் கறுப்பு. கறுப்பு கட்டியவரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போவார்கள். கடைசியில் நேரம் இருந்தால் வந்து எடுப்பார்கள். அக்காவின் மணிக்கட்டில் தொங்கியது கறுப்பு.

“ஏறி வர்றதா? எதுல ஏறி வர்றது?… ஏணியை எடுத்துட்டுப் போயிட்டாங்கடா… ஆமா, கயிறு, ஹெல்மெட், ஏணி, எல்லாத்தையும் மூட்டை கட்டி… கத்தாம இருப்பேனா? தொண்டை கிழியக் கத்தினேன். மேல ஒருத்தன் காதுல விழவும் விழுந்துச்சு. என்ன சொன்னான் தெரியுமா? ‘பரீட்சை முடிஞ்சிருச்சும்மா, நடிச்சது போதும்’னு சொல்லிட்டு அவன் பாட்டுக்குப் போறான்… சிரிக்காதே… டேய், சிரிக்காதேங்கறேன்… கேட் வேற பூட்டியிருக்கும்… போனை வெளியே வெச்சுட்டு வரச் சொன்னியா? சொன்னே, சொன்னே. நான்தான் உன் பேச்சைக் கேக்கலை. கேட்டிருந்தா நாளைக்குக் காலையில கூட்டுறவங்க வந்துதான் என்னைக் கண்டுபிடிச்சிருக்கணும்.”

“மெதுவாப் பேசணுமா? எதுக்கு?… பக்கத்துல யாரு?… ஓ, சிறப்பு விருந்தினர்… அவர் சீக்கிரம் வந்துட்டார்னுதான் அவசரமா முடிச்சீங்களா… மைக்குல என்ன சொன்னே?… ஒருத்தரையும் விடாமக் கண்டுபிடிச்சோம்னா?… அடப்பாவி… எண்ணிப் பார்த்தீங்களா? யாரை எண்ணினீங்க?… உயிரோட இருக்குறவங்களை எண்ணினீங்க, சரி. செத்தவளை யாரு எண்ணுவா?”

தம்பி அந்த மையத்தின் தலைமைப் பயிற்சியாளர். எல்லோருக்கும் அவன் மாஸ்டர், அக்காவுக்கு மட்டும் இன்னும் டேய். அடுத்த தெரு மண்டபத்தில், துவைத்துத் தேய்த்த சீருடையில் மேடை ஓரமாக நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிறான் என்பது அவன் குரல் அமுங்கியதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மேடை என்றால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், வீட்டு ஆட்களைத் தெரியாத மாதிரி இருப்பான்.

“என்னது, போனை யார்கிட்ட குடுக்குறே?… டேய்… ஹலோ, யாருங்க?… சாமான் ரூம் பார்க்குற ஸ்டோர்காரரா… வணக்கம்ங்க… ஆமாங்க, நான் அவர் அக்காதான்… நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், குழியில இருக்கேன், மத்தபடி நல்லா இருக்கேன்… ஏணி வண்டியில ஏத்தியாச்சா?… வண்டி எங்கங்க?… நாற்காலி திருப்பிக் குடுக்கப் போயிருக்கா… ஏணியோடவா?… சரிங்க… வரட்டும்… இல்லைங்க, பயமெல்லாம் இல்லை. தண்ணிதான் இல்லை… நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், உங்களைச் சொல்லி என்ன… அவர்கிட்டயே குடுங்க… குடுங்கங்கறேன்.”

போன் கை மாறுகிற வரை அக்கா நிலவறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே சதுரமாகக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. சாயங்கால வெளிச்சம், போவதா இருப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பல் மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் உட்கார்ந்து ஆட்களை வரிசையாக உள்ளே அனுப்புவது அவள் வேலை. தம்பி வகுப்பு நடத்தும் போதெல்லாம் டாக்டரிடம் லீவு சொல்லிவிட்டு அடிபட வந்துவிடுவாள்.

சும்மா வரவில்லை. அவள் கணவர் வேலை பார்த்த கிடங்கில் மேல்தளம் அப்படியே இறங்கியபோது முதலில் உள்ளே போனது தம்பியின் குழுதான். தம்பியேதான் போனான். திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சுக்கா, மாமா போயிட்டார்” என்றான். வலி தெரியாமல் போயிருக்கிறார் என்று நம்பி, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாள் ஓட்டினாள். இன்னொருத்தி வீட்டில் இப்படி நடக்கக் கூடாது, இவர்கள் நன்றாகப் படிக்கட்டும் என்றுதான் தூசியிலும் கம்பியிலும் வந்து படுத்துக்கொள்கிறாள். குரல் பெரியது என்பதால் எப்போதும் கதறுகிற வேடம்தான் தருவார்கள். பேச்சில்லாத வேடம் இன்றைக்குத்தான் முதல் தடவை, அதுவும் அதற்கு வரவேண்டிய கல்லூரிப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்பதால்.

“ம்… சொல்லு… என்ன கேக்குறே, என்ன கலரா?… கறுப்பு… கறுப்புதான்டா, என் கையில இருக்கு, எனக்குத் தெரியாதா?… சரியாத்தான் கட்டியிருக்காங்களா! எப்படிடா சரி?… கறுப்பை அங்கேயே விடணும்னா நான் கறுப்பா இருக்கணும்ல? நீ எனக்குச் சொன்ன வேடம் என்ன? மறந்துட்டியா?… நானே சொல்றேன், கேளு. மயங்கிக் கிடக்கணும். தாடை நெஞ்சுல இடிச்சுக்கிட்டு இருக்கணும். மூச்சு அடைச்சிருக்கணும். யாராவது வந்து தலையை நிமிர்த்தினா மூச்சு வந்துரணும்… சிவப்பு… சிவப்புடா! காப்பாத்தக்கூடிய ஆளு! தலையை நிமிர்த்தினதும் இழுத்து ஒரு மூச்சு விடணும்னு காலையிலிருந்து பழகி வெச்சிருந்தேன். நிமிர்த்த ஒரு ஆள் வரணுமே.”

“வரலைன்னு யாரு சொன்னா? வந்தான்… உன் வகுப்புல தொண்டரா சேர்ந்திருக்கானே, அந்த பேங்க்காரன்தான், புது பூட்ஸ் போட்டுக்கிட்டு கீச்சு கீச்சுன்னு நடப்பானே, அவன்… பாதி ஏணியிலயே நின்னு டார்ச் அடிச்சான். ‘அம்மா, கேக்குதா’ன்னான். நான் பேசலை, பேசக் கூடாதுல்ல… இறங்கி வந்தான். குனியலை… முட்டி போடலைடா. கழுத்துல கை வைக்கலை. தலையைத் தொடவே இல்லை. எச்சில் பாத்திரத்தைத் தூக்குற மாதிரி ரெண்டு விரலால கையைத் தூக்கி அட்டையைக் கட்டினான். எங்க கட்டினான் தெரியுமா? மணிக்கட்டுல. நாடி துடிக்கிற இடத்துலயே முடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான்… ஆமா… ஆமா… அவனுக்கு சர்டிபிகேட் குடுத்தாச்சா?… நீயும் கை தட்டினியா?… நல்லா இரு.”

“புதுசு, புதுசுன்னு அவங்களுக்குப் பரிஞ்சு பேசாதே. புதுசா இருந்தா சொல்லிக் குடுத்ததைச் செய்வாங்க. அவன் இன்னொண்ணு சொன்னான்… இரு, சொல்ல விடு… மேல நின்ன ஆளு ‘செக் பண்ணியா’ன்னு கேட்டான். இவன் என்ன சொன்னான் தெரியுமா?… ‘பார்த்தாலே தெரியுது சார்’னான்.”

மண்டபத்தில் யாரோ நன்றியுரை சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் போனில் தூரமாகக் கேட்டது.

“இருக்கேன்… லைன்ல இருக்கேன்… ஒண்ணுமில்லை. இந்தப் பேச்சை எங்கயோ கேட்டிருக்கோமேன்னு இந்த இருட்டுல உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான்டா உனக்குப் போன் பண்ணினேன். முதல்லயே பண்ணியிருக்கலாம், இங்க சிக்னல் நல்லாத்தான் இருக்கு.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்… கேட்டதுக்குப் பதில் சொல்லு… மாமா கிடந்த இடத்துக்கு நீ போனே. போய் முட்டி போட்டியா?… பேச்சை மாத்தாதே… கூரை தொங்கிக்கிட்டு இருந்துச்சு, சரி… தூசி, சரி… கண்ணு தெரியலை, சரி… அந்தப் பக்கம் ரெண்டு பேர் கத்தினாங்க, ஆமா, நீ அன்னைக்கே சொன்னே. கத்தினவங்களைத் தூக்கிட்டு வந்தே, அவங்க பொழைச்சாங்க. அதை நான் தப்புன்னு சொல்வேனா? அவங்க வீட்டுலயும் ஒரு பொம்பளை வாசலையே பார்த்துக்கிட்டுத்தானே இருந்திருப்பா… நான் கேக்குறது அது இல்லை.”

“மாமா எப்படிக் கிடந்தார்?… கிடக்கலையா? உட்கார்ந்திருந்தாரா?… இதை நீ இதுவரைக்கும் சொன்னதே இல்லையே… எது மேல சாஞ்சு?… அட்டைப்பெட்டி மேல… ம்… ம்… தலை?… தலை எப்படி இருந்துச்சுன்னு கேக்குறேன்… டேய், தலை எங்க இருந்துச்சு?”

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பதில் தெரிந்துவிட்ட பிறகும் வாயால் சொல்லக் கேட்க வேண்டும் என்று ஒரு வீம்பு அவளுக்கு. அவ்வளவு கோபம் அவளுக்கு இருந்தது, அதற்குள்ளேயே தம்பி இல்லை என்று சொல்லிவிடமாட்டானா என்ற ஆசையும் இருந்தது.

“நெஞ்சுல… தாடை நெஞ்சுல… ம்… சரி… நிமிர்த்திப் பார்த்தியா?”

“ஹலோ… ஹலோ… நிமிர்த்தினியான்னு கேட்டேன்… லைன் கட்டாகலை, எனக்குத் தெரியுது. உன் மூச்சு கேக்குது. மூச்சு விடுறவன் உயிரோட இருக்கான்னு அர்த்தம். நீ சொல்லிக் குடுத்த பாடம்தான். பதில் சொல்லு.”

“ஞாபகம் இல்லையா?… போன வருஷப் பரீட்சையில யாரு என்ன தப்பு பண்ணினாங்கன்னு இன்னைக்கும் ஒப்பிப்பே. சொந்த அக்கா புருஷன் தலையைத் தொட்டியா இல்லையான்னு ஞாபகம் இல்லையா… நிமிர்த்தியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதா? இருக்கலாம். இருக்கலாம்டா, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அது உனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்?… பார்த்த உடனே தெரிஞ்சுதுன்னு சொன்னியே, அந்தப் பேச்சை நம்பித்தானே நான் இத்தனை நாளும் தூங்கினேன். இனிமே எப்படித் தூங்குறது, அதையும் ஒரு கோர்ஸ் போட்டு சொல்லிக் குடு.”

“அழாதே… மேடைப் பக்கத்துல நின்னு அழாதே, சிறப்பு விருந்தினர் பார்க்கப் போறார்… நீ என் தம்பிதான். யாரு இல்லைன்னா? அதனாலதானே இவ்வளவு எரியுது. வேற எவனாவது இப்படிச் சொல்லியிருந்தா அன்னைக்கே சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருப்பேன், ‘தொட்டுப் பார்த்தியாடா’ன்னு. நீ சொன்னதால கேக்கலை. தம்பி சொல்றான், பார்க்காமச் சொல்வானான்னு கேக்காம விட்டேன்.”

மேலே வெளிச்சம் குறைந்து சதுரம் மங்கியது. தூரத்தில் வண்டி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. ஏணி வருகிறது போலிருக்கிறது. ஸ்டோர்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள்.

“ம்… கேக்குது… வண்டி வந்துருச்சு… நீயே வர்றியா?… விழா?… விட்டுட்டு வர்றியா… சரி, வா. ஆனா ஒண்ணு, தனியா வா. அந்த பேங்க்காரனையும் யாரையும் கூட்டிட்டு வராதே… கையைக் குடுத்துத் தூக்கி விடுறதெல்லாம் அப்புறம். நான் சொன்னபடி, தாடையை நெஞ்சுல வெச்சு, மூச்சை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். நீ இறங்கி வா. முட்டி போடு. கழுத்துல கை வை. தலையை நிமிர்த்து. நிமிர்த்தினதும் நான் மூச்சு விடுவேன்… விளையாட்டு இல்லைடா… எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நான் பார்க்கணும்… அன்னைக்கு அவ்வளவு நேரம்கூட உன்கிட்ட இல்லையான்னு பார்க்கணும்… வேண்டாம், இப்ப ஒண்ணும் சொல்லாதே. வா. வெச்சிடுறேன்.”

அக்கா போனை அணைத்துப் பக்கத்தில் வைத்தாள். மேலே ஏணியின் கால் தளத்தில் இடறுகிற சத்தம் கேட்டதும் சுவரில் சாய்ந்து தாடையை நெஞ்சில் இறக்கிக்கொண்டாள். அப்படி இருந்தால் மூச்சு விடுவது எவ்வளவு கஷ்டம் என்பது, பரீட்சைக்காக நடித்தபோது அவளுக்குத் தெரியவில்லை.