அவர் சொன்ன அளவு

இல்லம்மா, நீ சரியாத்தான் போட்டிருக்க. அவுத்து மாத்தாத. முதல் காஜால ரெண்டாவது பட்டன்தான் வரணும். கழுத்துப் பக்கம் ஒரு மூலை தூக்கிக்கிட்டு, கீழ ஒரு மூலை தொங்கணும். அப்படித்தான் வெட்டியிருக்கேன். கையைக் கொஞ்சம் தூக்கு, அக்குள்ல குண்டூசி இருக்கு, குத்திடப்போகுது.

யார் சொல்லிக்கொடுத்தாங்களா? என் வீட்டுக்காரர்தான். மறதி நோய் வந்து அஞ்சு வருஷமாச்சு. காலைல சட்டை போடுவார், எப்பவும் ஒரு பட்டன் தள்ளிப்போயிடும். நான் சரிபண்ணப் போனா கையைத் தட்டிவிடுவார். தினம் ஒரு சண்டை. ஒரு நாள் அலுத்துப்போய் எதிர்ல உட்கார்ந்து சும்மா பார்த்தேன். அட, கோணலா இருந்தாலும் அந்தச் சட்டை அவர் உடம்புல அழகாத்தான் விழுந்திருந்துச்சு. அன்னைக்கு மத்தியானமே காகிதத்துல வரைஞ்சு வெட்டிட்டேன். அப்புறம் ஒண்ணொண்ணா வந்துச்சு. அந்த மூணு காலர் சட்டை, அவர் சட்டை மேல சட்டையா மூணு போட்டுக்கிட்டு வெயில்ல நின்ன அன்னைக்கு வந்தது. சாம்பல் கலர் பேண்ட்டுக்குள்ள கைய விட்டுப் பாரு, பாக்கெட்டுக்குள்ள பாக்கெட், அதுக்குள்ள இன்னொண்ணு. ஒத்தை சாக்ஸ், சோப்புத் துண்டு, ஸ்பூன்னு எல்லாத்தையும் ஒளிச்சு வைப்பார். வச்ச இடம் தெரியாம என்னைத் திருடிம்பார்.

இந்த ஃபேஷன் ஷோ பத்தி எழுத வர்ற பத்திரிகைக்காரங்க, என்ன மேடம் கற்பனைங்கறாங்க. கற்பனையாவது கத்தரிக்காயாவது. துவைச்சுப் போடறவளுக்குத் தெரியாதா.

சிரி, சிரி. நானும் சிரிப்பேன், வேற என்ன பண்றது. வீட்ல ரெண்டு பேர்னு பேருதான், எனக்குப் பேச ஆளில்ல. அதான் ட்ரையலுக்கு வர்ற பிள்ளைங்க கிட்ட இப்படிக் கொட்டிடறேன்.

சரி, இதைக் கழட்டிட்டு அந்த நீலக் கோட்டைப் போடு. ம்... ஆமா, இதுல ஒரு கோளாறும் இல்ல. ஷோ நடத்துறவரும் அதைத்தான் சொன்னார். மத்ததெல்லாம் பிரமாதம், இது மட்டும் ஏதோ பழைய கோட்டு மாதிரி இருக்கு, இதுல மறதி எங்க இருக்கு, எடுத்துடுங்கன்னார். இதை எடுத்தா எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்னுட்டேன்.

இது அவர் கொடுத்த ஆர்டர்ம்மா. எங்க தையல் கடைல இருபத்தெட்டு வருஷமும் நான் டேப்பைப் பிடிச்சு அளவு சொல்லுவேன், அவர் நோட்டுல எழுதிப்பார். என் முகம் அவருக்கு மறந்து ரெண்டு வருஷமாச்சு. கைல டேப்போட பார்க்கறதால டெய்லரம்மாங்கறார். போன மழைக்காலத்துல ஒரு நாள் என் மேஜை பக்கத்துல வந்து நின்னு, என் சம்சாரத்துக்கு ஒரு கோட்டு தைக்கணும்மா, நீலம் அவளுக்கு எடுப்பா இருக்கும்னார். அளவு கேட்டேன். தோள் பதினாலு, மார்பு முப்பத்திரண்டு, இடுப்பு இருபத்தாறு, கை இருபத்தொண்ணேகால். மூச்சு விடாம சொன்னார். எல்லாம் கல்யாணமான புதுசுல எனக்கிருந்த அளவு. அந்தக் கால் இஞ்சைக்கூட விடல. இப்ப என்னைப் பாரேன், இந்தக் கோட்டுல என் ஒரு கை நுழையாது.

அப்புறம் அவளைப் பத்திப் பேச ஆரம்பிச்சார் பாரு. ஊசில நூல் கோக்கும்போது அவ நாக்கை ஒரு ஓரமா நீட்டுவாளாம், அதைப் பார்க்கறதுக்குன்னே நோட்டை எடுத்துக்கிட்டு எதிர்ல உட்காருவாராம். இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. எனக்கு வயிறு எரிஞ்சுச்சும்மா. நான்தான் அவ, ஆனாலும் எரிஞ்சுச்சு.

சொல்லாம இருப்பேனா? நான்தாங்க உங்க சம்சாரம்னு கையைப் பிடிச்சேன். மெதுவா கையை விடுவிச்சுக்கிட்டு, அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா, அவ காதுல விழுந்தா மனசு கஷ்டப்படுவான்னார். ஒரு வாரம் நான் இருக்கற அறைப் பக்கமே வரல. ஒழுக்கமான மனுஷன்னு பெருமைப்படறதா, தலைல அடிச்சுக்கறதா?

திரும்பு, முதுகைப் பார்க்கறேன்.

இப்பல்லாம் சாயங்காலமானா வாசக்கதவுக்கு நேரா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துக்கறார். அவ வந்துட்டாளாங்கறார். இப்ப வந்துருவாங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ஞ்சுபோச்சு. அவ வராம சாப்பிட மாட்டேங்கறார், பாதி ஆளாயிட்டார். போன வாரம் அழுதுட்டார். நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போலிருக்கு, என்னை விட்டுட்டுப் போயிட்டாங்கறார். நான் பக்கத்துலயே தட்டோட நிக்கறேன்.

உன்னை ஏன் எடுத்தேன்னு கேட்டியே. பன்னெண்டு பொண்ணுங்க வந்தாங்க, எல்லாரும் உன்னை விட உயரம். நீ மேடைக்குக் குள்ளம்னு ஷோக்காரர் முகத்தைச் சுளிச்சார். நான் உயரமும் பார்க்கல, நடையும் பார்க்கல, டேப்பைத்தான் பார்த்தேன். கோட்டுல ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியதில்ல, பாரு.

ஷோ வெள்ளிக்கிழமைதானே. நாளைக்குச் சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் இந்தக் கோட்டோட என் வீட்டுக்கு வந்துட்டுப் போறியா? நடிக்கல்லாம் வேண்டாம். உள்ள வந்து, நேரமாயிடுச்சுன்னு சொல்லு, பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடச் சொல்லு. ஏமாத்தறதுதான், நான் இல்லேங்கல. ரெண்டு வாய் உள்ள இறங்கட்டும், அவ விட்டுட்டுப் போகலன்னு தெரியட்டும். நான் அடுக்களைல நின்னுக்கறேன். என்னைக் கூப்பிட்டு உனக்கு அறிமுகப்படுத்தினார்னா, முன்னப்பின்ன பார்க்காதவ மாதிரி ஒரு வணக்கம் வச்சிடு, போதும்.