இருபது கேட்டால் ஆறு

சார்: ...அதெல்லாம் நோண்ட வேண்டாம் ரோல் நம்பர் நாப்பத்தொண்ணு. கார்ல கோளாறு சோலனாய்டுதான். வழியிலேயே முடிவு பண்ணிட்டேன். புதுசு கையோட வாங்கிட்டு வந்திருக்கேன், இந்தா.

தம்பி: சரி சார். பானெட்டைத் திறந்துட்டேன், எண்ணெய் அளவு குச்சியை மட்டும் ஒரு தடவை உருவி...

சார்: அளவு சரியா இருக்கும்.

அக்கா: என்னடா, குச்சியை உருவிட்டு அப்படியே நிக்கிற?

தம்பி: வந்துட்டியா? எங்கக்கா போன? வெளிய ஏணி வேற நிக்குது.

அக்கா: ஒட்டடை அடிச்சேன். பேச்சை மாத்தாத. குச்சியில என்ன?

தம்பி: ஒண்ணுமில்ல. அளவு... சரியா இருக்கு.

சார்: நான்தான் சொன்னேனே.

அக்கா: அளவு மட்டுந்தான் சரியா?

தம்பி: அக்கா, நீ அந்த வேன் பிரேக்கைப் பாரேன்.

அக்கா: அது எங்கயும் ஓடிடாது, பிரேக்குதானே. ஏன் சார், என் தம்பி மேல உங்களுக்கு எப்பவுமே ஒரு சந்தேகமா?

சார்: சந்தேகமெல்லாம் இல்லம்மா. என் பேப்பர்ல மூணு தடவை ஃபெயில் ஆனவன். அங்க சந்தேகத்துக்கு இடமே இல்ல.

தம்பி: நாலு சார்.

சார்: நாலா? குறைச்சு சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ.

அக்கா: இன்னிக்கு ரெண்டு மணிக்கு அஞ்சாவது, இந்தத் தடவை எழுத்து இல்ல, வாயால பதில் சொல்ற வைவா. இதான் கடைசின்னு காலேஜ்ல கடிதமே வந்திருக்கு. இந்த வைவாவும் போச்சுன்னா டிகிரி கிடையாது. எக்ஸாமினர் யாருன்னு நான் சொல்லவே வேண்டாம்.

சார்: நான்தான்.

அக்கா: அதான் சொல்ல வேண்டாம்னேன்.

தம்பி: வண்டி சரியானாத்தான் சார் காலேஜ் போகமுடியும். சார் போனாத்தான் எனக்கு வைவா. கொஞ்சம் வேலை பார்க்க விடுக்கா.

அக்கா: உன்னை ஃபெயில் போடப் போறவருக்கு நீயே வண்டி ரெடி பண்ணித் தர. ரொம்பப் பெரிய மனசுடா உனக்கு. சார், நம்ம ஒர்க்‌ஷாப் வாசல் போர்டைப் பார்த்தீங்களா? என் பேருக்குக் கீழ இவன் பேரு, பக்கத்துல 'இன்ஜினியர்'. ரிசல்ட் வரட்டும்னு அந்த ஒரு வார்த்தை மேல தாள் ஒட்டினேன். ரெண்டு வருஷத்துல எழுத்து மங்கல, தாள்தான் மூணு மாத்தியாச்சு.

தம்பி: அக்கா!

சார்: நேரமாகுது. கேட்டுக்கோ. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ரெண்டு மூணு செகண்ட் கடகடன்னு சத்தம். சிக்னல்ல நின்னா உதறுது. மேட்டுல இழுக்கல. டாஷ்போர்டுல மஞ்சள் விளக்கு அணையவே மாட்டேங்குது.

அக்கா: டேய், வைவா மாதிரி பதில் சொல்லு பார்ப்போம். பழகின மாதிரியும் இருக்கும்.

தம்பி: வால்வு திறக்கற நேரத்தை என்ஜின் வேகத்துக்குத் தகுந்த மாதிரி முன்ன பின்ன மாத்தணும். மாத்தறது கேம்ஷாஃப்ட் தலையில இருக்கற சக்கரம். அந்தச் சக்கரத்தைத் தள்ளறது என்ஜின் எண்ணெய். எந்தப் பக்கம் எண்ணெய் போகணும்னு திறந்து மூடறது சோலனாய்டு. ஆக, கம்ப்யூட்டர் சொல்லணும், சோலனாய்டு கேக்கணும், எண்ணெய் ஓடணும், சக்கரம் திரும்பணும்.

சார்: எண்ணெய்க்கு அவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டாம்.

தம்பி: சரி சார். ஸ்கேனரை மாட்டறேன்... ம்ம். கேம்ஷாஃப்ட் பின்தங்குதுன்னு எரர் கோடு காட்டுது. இருபது டிகிரி முன்னாடி போன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. போனது ஆறு.

அக்கா: வீட்டுல நான் எந்திரின்னு சொன்னா இவன் எந்திரிக்கற கணக்கு.

சார்: பார்த்தியா, சோலனாய்டு. கழட்டு.

தம்பி: கழட்டறேன் சார். பேட்டரியில ரெண்டு ஒயர் எடுத்து நேரா கொடுத்துப் பார்க்கறேன். காது கொடுங்க... டிக். மறுபடி... டிக்.

சார்: சத்தம் வந்தா போதுமா? உள்ள சிக்கியிருக்கும். சல்லடையில அழுக்கு அடைச்சிருக்கும்.

தம்பி: சல்லடை இதோ சார். கண்ணாடி மாதிரி இருக்கு.

சார்: புதுசைப் போட்டுட்டா சந்தேகமே இல்லல்ல?

தம்பி: புதுசு பெட்டியிலயே இருக்கட்டும் சார், கடையில திருப்பிக் கொடுத்துடலாம். காத்து உள்ள வர்ற பக்கம் ஒண்ணு, புகை வெளிய போற பக்கம் ஒண்ணுன்னு உங்க வண்டியில ரெண்டு சோலனாய்டு இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி. இடம் மாத்திப் போடறேன். கோளாறு சோலனாய்டுல இருந்தா அதுகூடவே அந்தப் பக்கம் போயிடும்.

அக்கா: சார், என்ன எழுதறீங்க?

சார்: கை சும்மா இருந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

தம்பி: மாத்தியாச்சு. ஸ்டார்ட் பண்ணுங்க சார்... போதும். கோளாறு நகரல. இருபது கேட்டா இன்னும் அதே ஆறு.

சார்: அப்ப சென்சார்.

தம்பி: சென்சார் பொய் சொன்னா ஸ்கேனர்ல கிராஃப் கோடு தாவித் தாவிக் குதிக்கும் சார். இது குதிக்கல. மெதுவா, முக்கி முக்கிப் போகுது.

சார்: கேம்ஷாஃப்டைச் சுத்தற செயின். நீண்டுபோயிருக்கும். ஒரு பல் தாண்டியிருக்கும்.

தம்பி: பல் தாண்டியிருந்தா எப்பவும் ஒரே அளவு தப்பா நிக்கும். என்ஜின் ஆறிக் கிடக்கு, ஓட விடுங்க, ஒரு இருபது நிமிஷம்.

அக்கா: அதுவரைக்கும் அந்த எண்ணெய் மூடியில என்னமோ எழுதியிருக்கே, படிச்சுக் காட்டேன். கேப்போம்.

தம்பி: கறையா இருக்குக்கா. ஒண்ணும் தெரியல.

அக்கா: துணி தரவா?

தம்பி: துணியிலயும் கறை.

சார்: விடும்மா. கறைன்னா கறைதான்.

அக்கா: நான் என்ன சார் சொன்னேன்? உங்களுக்கு ஏன் வேர்க்குது?

சார்: என்ஜின் சூடு.

தம்பி: சூடாயிருச்சு சார், அதேதான் நானும் சொல்ல வந்தேன். இப்பப் பாருங்க. பத்து... பன்னெண்டு... பதினாலு. சூடாக ஆக கேக்குது. செயினா இருந்தா சூடானா மட்டும் பல்லு திரும்பி வருமா?

சார்: வராது.

தம்பி: சூடானா மாறற சாமான் இதுக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான் சார். நான் பேரு சொல்லல. நீங்களே சொல்லிடுங்க.

சார்: வைவாவுல பதில் சொல்ல வேண்டியது நான் இல்ல.

தம்பி: எண்ணெய் சார். கெட்டியா இருக்கு. சக்கரத்துக்குள்ள போற வழி முடி மாதிரி மெல்லிசு. அதுக்குள்ள இது நுழையறதுக்குள்ள கம்ப்யூட்டருக்குப் பொறுமை போயிடுது. அந்தக் கடகட சத்தமும் அதான். எண்ணெய் மேல ஏறற வரைக்கும் சக்கரம் வெறுமனே ஆடுது. யாரு சார் எண்ணெய் மாத்தினது?

சார்: ஒரு... தெரிஞ்ச ஆள்.

அக்கா: வேலை தெரிஞ்ச ஆளா சார்?

சார்: ரொம்பப் படிச்சவரு.

அக்கா: அதான்.

தம்பி: அக்கா, மெல்லிசு எண்ணெய் எடு, ஃபில்டரும் ஒண்ணு. வடிச்சிடலாம்... பார்த்தீங்களா சார், சூட்டுலயும் எவ்வளவு சோம்பலா இறங்குதுன்னு.

சார்: பார்க்கறேன். நாலு வருஷமா நோட்ஸ்ல நான் எழுதிப்போட்டது வேற. 'எண்ணெய் கெட்டியா இருந்தா என்ஜினுக்குப் பாதுகாப்பு.'

தம்பி: பழைய என்ஜினுக்கு அது சரிதான் சார்.

அக்கா: சமாதானம் சொன்னது போதும், மூடியை இறுக்கு.

தம்பி: ஸ்டார்ட் பண்ணுங்க சார். சத்தம் இருக்கா?

சார்: இல்ல.

தம்பி: உதறல்?

சார்: இல்ல. விளக்கும் இல்ல.

தம்பி: எரர் கோடை அழிச்சுட்டேன், இனி வராது. இருபது கேக்குது... இருபது. மணி என்னக்கா?

அக்கா: பன்னெண்டரை.

தம்பி: நீங்க கிளம்புங்க சார். நான் கையைக் கழுவிட்டு ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடறேன்.

சார்: எங்க?

தம்பி: வைவாவுக்கு.

சார்: நில்லு. ஒரு கேள்வி. காலையில குச்சியை உருவினப்பவே உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?

தம்பி: ...தெரிஞ்சுது சார். விரல்ல தொட்டா நூல் மாதிரி இழுக்குது.

சார்: அப்புறம் எதுக்கு இவ்வளவு சுத்து?

தம்பி: எண்ணெய் மாத்தினது யாருன்னும் தெரிஞ்சுது. ஃபில்டர் மேல தேதி போட்டு எழுதியிருந்தீங்க. அந்தக் கையெழுத்தை என் விடைத்தாள்ல நாலு தடவை பார்த்திருக்கேன். சிவப்பு மையில.

சார்: ம்.

தம்பி: ஒண்ணுதான் புரியல. மூடியிலேயே எந்த எண்ணெய்னு தெளிவா எழுதியிருக்கு. நீங்க போய் எப்படி சார்...

சார்: உங்க அக்காவைக் கேளு.

அக்கா: என்னை ஏன் சார் இழுக்கறீங்க? எல்லாம் நல்லபடியா முடியற நேரத்துல.

சார்: சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாங்க. ஒரு கையில உன் பழைய விடைத்தாள் நகல். 'இந்த அமைப்புள்ள என்ஜின்ல கெட்டி எண்ணெய் ஊத்தினா கேம் பின்தங்கும், மஞ்சள் விளக்கு எரியும்'னு நீ எழுதி நான் பூஜ்யம் போட்ட பதில். இன்னொரு கையில ரெண்டு கேன்.

தம்பி: அக்கா!

சார்: 'இவன் எழுதினது தப்புன்னா உங்க வண்டியிலயே ஊத்துங்க சார், ஒரு வாரம் ஓட்டிட்டு நல்லா இருந்தா நானே அவனைக் கூட்டிட்டு வந்து மன்னிப்புக் கேக்க வைக்கறேன்'னாங்க. எனக்கு ரோஷம் வந்துருச்சு. அன்னிக்கு சாயங்காலமே ஊத்தினேன்.

அக்கா: கேன் மட்டுந்தான் நான் கொடுத்தேன். படிச்சவரு, யோசிப்பாருன்னு நினைச்சேன். யோசிக்காம ஊத்தினா நான் என்ன பண்ண?

தம்பி: அப்ப காலையிலேர்ந்து உங்க ரெண்டு பேருக்குமே தெரியும். நான் மட்டும் மூஞ்சியை மறைச்சு மறைச்சு...

சார்: மூணாவது நாளே விளக்கு எரிஞ்சுது. இருந்தும் சோலனாய்டா, செயினா இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை. நீ ஒண்ணொண்ணா அடைச்சுட்ட.

தம்பி: ரெண்டு மணிக்கு என்ன சார் கேக்கப் போறீங்க?

சார்: 'ஓடும் நிலையிலுள்ள என்ஜின் முன்பு வைவா நடத்தப்பட வேண்டும்'னு விதி. காலேஜ்ல இருக்கற என்ஜின் ஓடி ஆறு வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் முதல் தடவையா விதிப்படி நடத்தியிருக்கேன். இந்தா, மார்க் ஷீட். கீழ கையெழுத்துப் போடு. கறை படாம.

தம்பி: தொண்ணூத்தெட்டா?

சார்: மூடியில எழுத்து தெரியலன்னு பொய் சொன்னதுக்கு ரெண்டு மார்க் குறைச்சிருக்கேன்.

தம்பி: அக்கா... அக்கா, போர்டுல தாளைக் கிழிச்சுடலாமா?

அக்கா: நீ போய் அந்த ஏணியை உள்ள எடுத்து வை. இவரு வண்டி உதறிக்கிட்டே கேட்டுக்குள்ள நுழைஞ்சப்பவே நான் ஏறிக் கிழிச்சுட்டேன்.